மறைந்திருக்கும் மடிநோயும் பால் பரீட்சைகளும்

சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் கறவை மாடு வைத்திருக்கும் குடியானவர்களுக்கு மடிநோயால் உண்டாகும் நஷ்டம் அற்பமானதன்று. மடி வீங்கி இறுகி, பால் திரிந்து வருங்கால் நோயை யாவரும் அறிவர். வெளிக்குறி யாதும் காட்டாமல், பாலை மாத்திரம் குறைத்துக்கொண்டு உள்ளே தங்கும் மடிநோயே அதிகம். அதனை அறியும் பரீட்சைகள் சில உள. அவை யாவும் ஒன்றையே தெரிவிப்பன அல்ல.

கறுப்புத் துணியின்மேல் முதற்பாலைப் பீச்சிப் பார்ப்பது செலவில்லாத வழி. பாலில் திப்பி இருப்பின் உடனே தெரியும். ஆனால் மறைந்த நோய் இதற்கு அகப்படாது.

அடுத்தது, 1957ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான கலிபோர்னியா மடிநோய்ப் பரீட்சை. நான்கு குழிகளுள்ள தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீச்சி, சம அளவு மருந்துநீர் சேர்த்துச் சுழற்ற வேண்டும். நோயுள்ள மடியில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. மருந்துநீர் அவ்வணுக்களை உடைக்க, உள்ளிருக்கும் பொருள் வெளிப்பட்டுப் பால் கூழ்போல் திரளும். நல்ல பால் நீராகவே ஓடும். மருந்துநீர் கிடையாதவிடத்து, 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சலவைத் தூளைக் கரைத்தும் இதனைச் செய்யலாம். இரண்டொரு நிமிஷத்தில் கட்டுத்தரையிலேயே முடிவு தெரிகின்றமையால், குடியானவருக்கு இதனினும் உபயோகமான பரீட்சை வேறில்லை என்பது எமது அபிப்பிராயம். நான்கு காம்புப் பாலையும் ஒரே சொம்பில் கலந்து சோதிப்பது வீண். மூன்று காம்புகளின் நல்ல பால் நான்காவதன் குற்றத்தை மறைத்துவிடும். சீம்பாலும், வற்றுங்காலத்துப் பாலும் நோயின்றியே திரளுமாதலால் அந்நாட்களில் இதனை நம்பலாகாது.

எனினும், மடியில் அழற்சி உண்டு என்பதற்கு மேல் இப்பரீட்சை ஒன்றும் சொல்லாது. எந்தக் கிருமி, எம்மருந்துக்கு அது அடங்கும் என்பவற்றை, ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தே அறிய வேண்டும். வளர 24 முதல் 48 மணி நேரமும், மருந்துச் சோதனைக்குப் பின்னும் ஒரு நாளும் செல்லும். சில கிருமிகள் எல்லா நாளும் பாலில் வெளிப்படா. ஒருமுறை வளரவில்லையென்று மாட்டை நோயற்றதெனக் கொள்ளுதல் தவறு.

சில வருஷங்களுக்குமுன் ஒரு கிராமத்தில், கலப்பின மாடொன்றுக்கு இரண்டு நாள் ஊசி போட்டபின் எம்மிடம் பால் கொடுத்தனுப்பினர். கிருமி ஒன்றும் வளரவில்லை. மருந்தை மாற்ற வழி தெரியாமல் நாட்கள் கழிந்தன. காம்பு ஒன்று அடைபட்டே போயிற்று. ஊசிக்கு முன்னரே பால் எடுத்திருப்பின் அக்காம்பு ஒருகால் பிழைத்திருக்கும்.

ஆகவே, தட்டில் பால் திரண்டவுடன் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, மருந்துக்கு முன் மாதிரி எடுக்கவேண்டும். காம்பின் நுனியைச் சாராயப் பஞ்சால் துடைத்து, முதற்பீச்சல்களை ஒரு பாத்திரத்தில் கழித்து, கொதிநீரில் சுத்தி செய்த புட்டியைச் சாய்த்துப் பிடித்துப் பால் பிடிக்க வேண்டும். எந்தக் காம்பு, கன்று ஈன்ற தேதி, முன்பு கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி ஒட்டி, பனிக்கட்டியில் வைத்து அன்றே அனுப்புதல் நலம். நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இப்பக்கத்தார்க்கு அண்மையிலுள்ளது. மருந்து கொடுத்த மாட்டின் பாலை, மருத்துவர் குறிக்கும் நாள் வரையில் சங்கத்துக்கு ஊற்றலாகாது.