ஹெரால்டு மோட்டார் வண்டி: வரலாறும் உடைமையும்

தேர் செய்யும் தச்சனின் கைத்திறத்தை ஔவையார் உவமையாக்கிப் பாடியிருத்தலைப் புறநானூற்றிற் காண்கிறோம். தேர் ஊர்ந்தோனை மட்டுமன்றி அதனைச் செய்தோனையும் நினைப்பது நம் மரபு. அம்மரபைப் பின்பற்றி, புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு உடன்பிறப்பாகிச் சென்னையிலும் உருவான ஹெரால்டு வண்டியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியார் 1959இல் ஹெரால்டை வெளியிட்டனர். அதன் வடிவை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். தனி இரும்புச் சட்டத்தின்மேல், பகுதி பகுதியான கூடு திருகாணிகளாற் பூட்டப்பட்டிருந்தமை இவ்வண்டியின் சிறப்பு. இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. உறுப்புக்களை வேற்று நாட்டிற்கு அனுப்பி அங்கே பூட்டுதல் எளிதாயிற்று. அதே அமைப்பைத் தழுவி வேறொரு வண்டியைப் படைத்தலும் எளிதாயிற்று. சக்கர அச்சுக்களுக்கு இடையே இருந்த 91.5 அங்குலத்தை 83 அங்குலமாகக் குறைத்து, இருவர் அமரும் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை 1962இல் வெளியிட்டனர். 1980 வரை மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட ஸ்பிட்பயர்கள் செய்யப்பட்டன.

சென்னையில் 1948இல் நிறுவப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனி, 1961 முதல் வண்டலூரில் ஹெரால்டைச் செய்யத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் என்றும் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டு இங்குத்தான் பிறந்தது. எனவே நம்மவர் பிறர் வரைந்ததைப் பூட்டியதோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவு.

இனி, இதன் குணத்தையும் குறையையும் அறிய எம் கம்பம் பள்ளத்தாக்கின் மலைவழிகளே ஏற்ற உரைகல்லாகும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் முழுதும் திரும்பவல்ல ஹெரால்டுக்கு அவை எளியவை. ஆனால் அதன் பின்சக்கரங்கள் ஒரே கட்டை அச்சிற் கோக்கப்பட்டவை அல்ல. தனித்தனித் தண்டின் நுனியில் ஊஞ்சல்போல் மேலுங்கீழும் அசைபவை. மேடுபள்ளத்தில் இது சுகந்தரும். வளைவில் விரைந்து புகுந்தவர் அஞ்சித் திடீரென ஆக்ஸிலேட்டரினின்று காலை எடுப்பாராயின், வண்டியின் பின்புறம் எழும்ப, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடிந்து தரைப்பிடிப்பை இழக்கும். வண்டி பக்கவாட்டில் வழுக்கும். ஆதலின் வளைவிற்கு முன்னரே வேகத்தைத் தணித்துச் சீராக ஓட்டுதல் வேண்டும்.

இக்குறையை இரு நாட்டாரும் இருவேறு வகையில் நீக்கினர். 1970இல் வெளிவந்த நான்காம் வகை ஸ்பிட்பயரில், பின்புறத்துக் குறுக்கு ஸ்பிரிங்கை நடுவில் அசையுமாறு அமைத்தனர். சென்னையாரோ 1972இல் வெளியிட்ட கெஸல் வண்டியில், நம் மெக்கானிக்குகள் நன்கறிந்த கட்டை அச்சையே பொருத்தினர்.

ஹெரால்டு 1971இலும், கெஸல் 1977இலும் நின்றன. பின் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் வண்டியும் நிலைபெறாமற்போகவே, 1988இல் உற்பத்தி ஓய்ந்தது. இன்று எஞ்சியுள்ள நம் ஹெரால்டுகள் யாவும் ஐம்பதாண்டு கடந்தவை. அத்தகைய சொந்த வண்டிகளைப் பழமைச் சின்னமாகப் பதிந்துகொள்ள 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி இடந்தருகிறது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டு செல்லும். சட்டமும் கூடும் எஞ்சினும் மாற்றப்படாதிருத்தல் வேண்டும். அங்ஙனம் பதிந்தபின் கண்காட்சி, பேரணி, பழுதுபார்த்தல் முதலியவற்றிற்கன்றி அன்றாடப் பயணத்திற்கு ஓட்டலாகாது. வழக்கமான பதிவைத் தகுதிச் சோதனையுடன் புதுப்பித்து வருவோர்க்கு இத்தடை இல்லை. எவ்வழியை மேற்கொள்வதென்பது உடையவர் ஆராய்ந்து துணியவேண்டிய ஒன்று.

வாங்க விழைவோர் வண்ணப்பூச்சின் பளபளப்பில் மயங்குதல் கூடாது. சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.ஸி. புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என நோக்குக. வண்டியின் அடியிற் புகுந்து சட்டத்தைத் துரு அரித்துள்ளதா எனக் காண்க. கூட்டைக் கழற்றி மாற்றலாம். சட்டம் அழியின் யாவும் அழியும்.

பணங்கொடுத்து வாங்கியதை உடைத்து விற்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆயினும் வண்டலூரில் இனி ஒரு ஹெரால்டும் பிறக்கப்போவதில்லை. பழைய இரும்பாக எடைக்குப் போகும் ஒவ்வொரு வண்டியோடும் நம் தொழிலாளரின் கைவினைச் சான்று ஒன்று மறைகிறது. ஆகலின் இத்தகைய பொருளை உடையவர், அதனைத் தமக்குப் பின்வருவோர்க்காகக் காப்பவருமாவர் என்பதே எம் துணிபு.