காய்ச்சலுக்குப் பின் செம்மறிகளின் ரோமம் உதிர்தல்

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, மிகுந்த சிரமத்துடன் தேற்றப்பட்ட செம்மறிகளில் சில, மார்கழி, தை மாதங்களில் ரோமத்தைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கத் தொடங்குவதுண்டு. வேலிமுள்ளிலும் பட்டிப் படலிலும் கம்பளி ஒட்டிக் கிடப்பதையும், ஆட்டின் விலாவும் வயிறும் மொட்டையாகத் தெரிவதையும் காணும் குடியானவர், புதியதோர் தொற்றுவியாதி மந்தையில் புகுந்துவிட்டதென அஞ்சி, கேட்ட விலைக்கு அவற்றை வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். நிலத்திற்கு உடையவரோ அம்மந்தையைத் தம் வயலில் கிடை போட இசைவதில்லை. சாவைக் கடந்து பிழைத்து, இன்னும் பல ஈற்றுக் குட்டி போடத் தக்க பெட்டையாட்டை இவ்வாறு இழப்பது வீண் நஷ்டமாகும்.

இவ்வுதிர்வு புது வியாதியன்று. முன்னர் வந்து போனதின் அடையாளமே. ரோமத்தின் ஒவ்வோர் இழையும் தோலினுள் அமைந்த நுண்ணிய குழியின் அடியிலிருந்து வளர்கின்றது. செம்மறியின் உடற்சூடு சாதாரணமாக ஏறத்தாழ 102½ பாரன்ஹீட் பாகை. நீலநாக்கு வியாதி போன்றவற்றில் அது 106, 107 பாகை வரை ஏறும். வாய் புண்பட்டு ஆடு இரையெடாது. அந்நாட்களில் ரோமவேர் போதிய ஊட்டமின்றி வளர்ச்சி குன்றும். சில வேர்கள் அடியோடு ஓய்ந்துவிடும். காய்ச்சல் தணிந்து வளர்ச்சி மீளும்போது, நலிந்த பாகம் தோலுக்கு வெளியே தள்ளப்பட்டு, மூன்று முதல் எட்டு வாரங்களுக்குள் முறிந்து விழுகின்றது. ஆட்டம்மை, கடும் பஞ்சம், ஈற்றுக்காலத்து ஊட்டக்குறைவு ஆகியவற்றின் பின்னும் இவ்வாறே நேரும். கோயம்புத்தூர், நீலகிரி இனங்களைப் போன்ற கம்பளி ஆடுகளில் இது தெளிவாகத் தெரியும். மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை முதலிய குறுமயிர் ஆடுகளை வளர்ப்போர் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

சோதித்தறியும் முறை எளிது. உதிராத இடத்தில் ஒரு சிறு கற்றை ரோமத்தை அடியோடு கத்தரித்து, இரு நுனிகளையும் விரல்களாற் பற்றி வெடுக்கென இழுக்க வேண்டும். கற்றை முழுதும் ஒரே இடத்தில் அறுமாயின் அதுவே நலிவு நேர்ந்த இடம். மாதம் கால் அங்குலம் வளரும் ரோமத்தில், அடிநுனியிலிருந்து அரை அங்குலத்தில் அறுந்தால், துன்பம் நேர்ந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பு எனக் கொள்ளலாம். நாள் குறித்து வையாத இடையரும் இதனால் கணக்கறியலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. முறிவினால் உதிரும் ஆட்டின் தோல் சுத்தமாயிருக்கும், அரிப்பு இராது, சில நாட்களில் குறுமயிர் முளைத்திருக்கக் காணலாம். ஆடு மரத்திலும் சுவரிலும் உராய்ந்து, தன்னைத் தானே கடித்து, தோல் தடித்துப் பொருக்குக் கட்டியிருப்பின் அது சொறி அல்லது பேன். இவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவன. அத்தகைய ஆட்டைப் பிரித்துக் கட்டி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஒரு மந்தையை ஊரெல்லையில் தடுக்குமுன், கிராம அதிகாரிகளும் இவ்வேறுபாட்டை நேரிற் பார்த்துத் தெளிவது நலம்.

முறிவுக்கு மருந்தெண்ணெய் எதுவும் தேவையில்லை. வேண்டுவது ஆகாரமும் நிழலும். ரோமம் பெரும்பாலும் புரதத்தாலானது. ஆதலின் வெறும் சோளத்தட்டை நம்பாமல், அகத்தி, வேலிமசால், நிலக்கடலைக் கொடி இவற்றைக் கொடுத்து, சிறிதளவு கடலைப் பிண்ணாக்கும் சேர்த்து வர வேண்டும். வாய்ப்புண் ஆறும்வரை கம்பு அல்லது கேழ்வரகுக் கூழ் ஏற்றது. தேற்ற வேண்டுமென்ற அவசரத்தில் தானியத்தை ஒரேயடியாக அள்ளி வைப்போர் உளர். வயிறு புளித்து ஆடு மீண்டும் விழுவதோடு, அதனாலேயே இன்னொருமுறை ரோமம் முறிவதும் உண்டு! மொட்டைப்பட்ட ஆடுகளைப் பனியிலும் கடுவெயிலிலும் திறந்தவெளிக் கிடையில் நிறுத்தாது, சில வாரம் கொட்டிலில் அடைக்க.

நீலநாக்கு வியாதியைப் பரப்புவது கொசுவினும் சிறிய, இரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி. மழைக்கு முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்வதும், சேறும் சாணமும் தேங்காது பட்டியை மேட்டில் அமைப்பதும் நன்று.

கத்தரிக்கும்போது முறிந்த கம்பளியை நல்லதோடு கலவாது தனியே கட்டுக. நூற்கையில் அது அறும். காய்ச்சல் கண்ட கிடாயின் வித்தும் ரோமத்தைப் போலவே சில வாரம் கெட்டிருக்கும். ஆகையால் இரண்டு மாதம் செல்லும்வரை அதனைப் பெட்டைகளோடு சேர்க்காமல், வேறொரு கிடாயை வைத்துக்கொள்க.