நிலையறிந்து கற்பிக்கும் முகாம்கள்

திருப்புதல் தேர்வு என்றதும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு மதிப்பெண்தான் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் கையொப்பம் இட்டதும் அத்தேர்வின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால், தேர்வில் தெரிந்ததைக் கொண்டு மறுநாள் பாடத்தையே மாற்றியமைக்கும் முறை ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுவே ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் கற்றல் முகாம்.

1995-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய இந்நிறுவனம், 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து வந்துள்ளது. 2018-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்களாக இருந்தனர். மற்றப் பாதிப் பேரும் வகுப்பில் அமர்ந்துதான் இருந்தார்கள். பாடம் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

முகாமில் முதல் வேலை சோதனைதான். ஒரே தாளில் எழுத்துகள், சொற்கள், சிறு பத்தி, ஒரு கதை ஆகியவை இருக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்துப் படிக்கச் சொல்வார்கள். பின்னர் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகக் கலந்து, வாசிக்கும் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரிப்பார்கள். பெரிய வகுப்புச் சிறுமிக்குச் சின்னஞ் சிறுவர்களுடன் அமர்வது கூச்சமாக இராதா? எங்களுக்கும் அந்த ஐயம் எழுந்தது. ஆனால் குழு நிரந்தரமானதன்று. எழுத்துக் குழுவில் இருப்பவள் சொற்களைப் படிக்கத் தொடங்கியதும் அடுத்த குழுவிற்குப் போய்விடுவாள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் இப்படி நிலைவாரியாகப் பிரித்தார்கள். அங்கே அந்நிலைகளுக்கு இட்ட பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர். ‘மக்கு’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்பெயர்களின் அருமை புரியும்.

2013-14-இல் உத்தரப் பிரதேசத்தில் பத்துப் பத்து நாள்களாக, மொத்தம் ஐம்பது நாள்கள் முகாம் நடந்தது. முகாம் நடந்த பள்ளிகளில் பத்தியோ கதையோ படிக்கக் கூடியவர்கள், நடக்காத பள்ளிகளைப் போல ஏறத்தாழ இரு மடங்காயினர். இதனை ஆய்ந்தவர்களில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ இருவரும் உண்டு.

இந்த முகாமை நடத்தியவர்கள் பிரதம் ஊழியர்கள். அப்படியானால் பள்ளி ஆசிரியர்களால் இயலாதா? எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்ட செய்தி இதுதான். பீகாரில் 2008 கோடை முகாமை அரசுப் பள்ளி ஆசிரியர்களே நடத்தினார்கள், பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் பள்ளி நாள்களில், பயிற்சியும் நூல்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. திறமை குறைந்துவிடவில்லை, பாடப் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் திரும்பி வந்துவிட்டது. (இக்கட்டாயத்தை எங்கள் ஆசிரியைகளிடம் நாங்கள் விளக்க வேண்டியதில்லை!)

ஹரியானாவில் 2012-13-இல் வேறு வழி கண்டார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் நிலைவாரி வாசிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வேண்டிய கல்வி மேற்பார்வையாளர்கள், முதலில் தாங்களே 15 முதல் 20 நாள்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகே மற்றவர்களுக்குப் பயிற்சி தரச் சென்றார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் ஹிந்தி வாசிப்பு உயர்ந்தது. கணக்கு அந்த ஒரு மணி நேரத்தில் சேர்க்கப்படவில்லை. அதில் முன்னேற்றமும் காணப்படவில்லை.