வட்டுப் படிமக் காப்பு: குளோன்சில்லா கொண்டு அமைத்தலும் சிக்கல் தீர்த்தலும்

வட்டுப் படிமம் என்பது ஒரு கணினியின் வன்வட்டில் உள்ள இயங்குதளம், நிறுவப்பட்ட மென்பொருள்கள், அமைப்புகள், பயனரின் கோப்புகள் ஆகிய அனைத்தையும், வட்டின் பிரிவு அட்டவணையோடு சேர்த்து அப்படியே எடுத்து வைக்கும் நகல் ஆகும். வன்வட்டு பழுதானாலோ, இயங்குதளம் தொடங்க மறுத்தாலோ, இப்படிமத்தைப் புதிய வட்டில் மீட்டால், படிமம் எடுத்த நாளன்று கணினி எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கிடைக்கும்.

வன்வட்டு என்றாவது ஒருநாள் பழுதாகும். அன்று வட்டின் விலை பெரிய இழப்பாகத் தெரியாது. குடும்பப் படங்கள், நிலப்பத்திரங்களின் வருடல்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடக்குறிப்புகள் ஆகியவற்றைக் கடையில் வாங்க முடியாது. படிமக் காப்பைப் பிழையின்றி அமைப்பது எப்படி, இடையில் வரும் தடைகளை நீக்குவது எப்படி என்பதைக் குளோன்சில்லா என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று வகை நகல்கள்

காப்பு என்ற ஒரே சொல்லால் வெவ்வேறான மூன்று செயல்கள் குறிக்கப்படுகின்றன.

1. கோப்புக் காப்பு: வேண்டிய கோப்புகளை மட்டும் வேறோர் இடத்தில் படியெடுத்தல். எளியது, விரைவானது. ஆனால் இயங்குதளத்தை இதைக்கொண்டு மீட்க முடியாது.
2. படிமக் காப்பு: முழு வட்டையும் சுருக்கி, சில பெரிய கோப்புகளாக வேறொரு வட்டில் சேமித்தல். ஒரே வெளி வட்டில் பல கணினிகளின் படிமங்களை வைத்துக்கொள்ளலாம்.
3. வட்டு நகலாக்கம்: ஒரு வட்டை நேரடியாக மற்றொரு வட்டாக மாற்றுதல். பழைய வன்வட்டிலிருந்து திண்மநிலை வட்டுக்கு மாறும்போது இது பயன்படும்.

படிமக் காப்பு மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். அன்றாடம் மாறும் ஆவணங்களுக்குக் கோப்புக் காப்பு தேவை. ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

வரலாறு

யூனிக்சு இயங்குதளத்தின் 'டிடி' கட்டளை 1970களிலிருந்தே வட்டை எழுத்துக்கு எழுத்து படியெடுக்கப் பயன்பட்டது. தனிமேசைக் கணினிகளில் இம்முறையைப் பரவலாக்கியது 'கோஸ்ட்' என்னும் மென்பொருள். நியூசிலாந்தைச் சேர்ந்த மர்ரி ஹேசர்டு 1995இல் இதை உருவாக்கினார். 1998இல் சைமன்டெக் நிறுவனம் இதை வாங்கியது.

குளோன்சில்லா, தாய்வானின் தேசிய உயர்செயல் கணிமை மையத்தில் ஸ்டீவன் சியாவும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. இது 2007இல் வெளிவந்தது. குனூ பொது உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் வழங்கிப் பதிப்பைக் கொண்டு அம்மையத்தின் வகுப்பறை ஒன்றில் 5.6 ஜிபி அளவுள்ள படிமம் 41 கணினிகளில் ஒரே நேரத்தில், ஏறத்தாழ 10 நிமிடங்களில் ஏற்றப்பட்டதாக அதன் தளம் குறிப்பிடுகிறது. பள்ளி, கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் இது விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவே.

விண்டோசில் விஸ்டா காலத்திலிருந்து இருந்துவரும் படிமக் காப்பு வசதியை மைக்ரோசாப்ட் 2017இல் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்தது. பலர் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பும் 2024 தொடக்கத்துடன் நிறுத்தப்பட்டது. இதனால் கட்டற்ற மென்பொருள்களின் தேவை மேலும் கூடியுள்ளது.

செயல்படும் விதம்

குளோன்சில்லா விண்டோசுக்குள் நிறுவப்படுவதில்லை. இது லினக்சை அடிப்படையாகக் கொண்டு, யூஎஸ்பி விரலியிலிருந்து தனியாக இயங்குகிறது. இதனால் படிமம் எடுக்கப்படும் வட்டு அந்நேரத்தில் உறங்கும் நிலையில் இருக்கும்; எந்தக் கோப்பும் பாதியில் மாறாது.

இதன் உள்ளே இயங்கும் 'பார்ட்குளோன்' என்னும் நிரல், கோப்பு முறைமையைப் படித்து, தரவு உள்ள பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். 200 பக்கக் குறிப்பேட்டில் 40 பக்கம் மட்டுமே எழுதியிருந்தால், அந்த 40 பக்கத்தை மட்டும் படியெடுப்பது போன்றது இது. 500 ஜிபி வட்டில் 60 ஜிபி மட்டும் பயன்பாட்டில் இருந்தால், படிமம் 60 ஜிபிக்கும் குறைவாகவே இருக்கும். கோப்பு முறைமையை அடையாளம் காண முடியாதபோது மட்டும் 'டிடி' முறையில் வெற்றிடம் உட்பட முழுவதும் எடுக்கப்படும்.

தேவையானவை

- 1 ஜிபி அல்லது அதற்கு மேல் கொள்ளளவுள்ள யூஎஸ்பி விரலி ஒன்று. இதிலுள்ள தரவுகள் அழிந்துவிடும்.
- படிமத்தைச் சேமிக்க, போதிய காலியிடமுள்ள வெளி வன்வட்டு. படிமம் எடுக்கும் வட்டிலேயே படிமத்தைச் சேமிக்க இயலாது.
- மின்தடை ஏற்பட்டாலும் கணினி நிற்காதிருக்க வழி. மடிக்கணினியை மின்னேற்றியில் இணைத்தே வைக்க வேண்டும்.

குளோன்சில்லாவைப் பதிவிறக்கியபின், தளத்தில் தரப்பட்டுள்ள சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டு, 'ரூஃபஸ்' போன்ற கருவியால் விரலியில் எழுத வேண்டும். வெறுமனே கோப்பை விரலியில் ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். யூஎஸ்பி 2.0 துளையில் நொடிக்குச் சுமார் 35 எம்பி வேகம் கிடைத்தால், 100 ஜிபி எழுத ஏறத்தாழ 48 நிமிடம் ஆகும். யூஎஸ்பி 3.0 துளையில் நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 17 நிமிடம் போதும். வேலை மிக மெதுவாக நடந்தால், முதலில் எந்தத் துளையில் செருகியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

படிமம் எடுக்கும் படிகள்

1. விண்டோசை முழுமையாக நிறுத்தவும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுமையாக நிற்கும்.
2. விரலியைச் செருகி, கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை (நிறுவனத்துக்கு ஏற்ப மாறும்) அழுத்தி விரலியைத் தேர்ந்தெடுக்கவும்.
3. மொழி, விசைப்பலகை தேர்வுக்குப்பின் 'டிவைஸ்-இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 'டிவைஸ்-டிவைஸ்' என்பது நேரடி நகலாக்கம். அதைத் தவறித் தேர்ந்தெடுத்தால் வெளி வட்டில் உள்ளவை அழியக்கூடும்.
4. படிமம் சேமிக்கும் இடமாக 'லோக்கல் டெவ்' தேர்ந்தெடுத்து, வெளி வட்டை இணைத்து, அது பட்டியலில் தோன்றியபின் தொடரவும்.
5. 'பிகினர்' முறையில் 'சேவ்டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
6. படிமத்துக்குப் பெயரிடவும். நாளும் கணினியின் பெயரும் அதில் இருப்பது நல்லது. ஓராண்டு கழித்து எது எந்தக் கணினியுடையது என்று தேட நேராது.
7. படிமம் எடுக்கவேண்டிய வட்டைக் குறிக்கவும்.
8. சுருக்க முறையை இயல்பிருப்பாகவே விடலாம். படிமத்தை மீட்க முடியுமா என்று இறுதியில் சரிபார்க்கும் தேர்வை மட்டும் ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

மீட்டெடுத்தல்

மீட்பதற்கும் இதே வழிதான். ஐந்தாம் படியில் 'ரெஸ்டோர்டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கு வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்று குளோன்சில்லா இருமுறை எச்சரித்து ஒப்புதல் கேட்கும். ஒருமுறை எழுதத் தொடங்கிவிட்டால் பின்வாங்க வழியில்லை.

வட்டுகள் இங்கே 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' போன்ற பெயர்களில் தோன்றும். இப்பெயர்கள் நிலையானவை அல்ல. நேற்று எஸ்டிஏ என்றிருந்தது இன்று எஸ்டிபி ஆகலாம். ஆகவே பெயரை நம்பாமல், பக்கத்தில் காட்டப்படும் கொள்ளளவையும் நிறுவனப் பெயரையும் வரிசை எண்ணையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையற்ற மற்ற வட்டுகளைக் கழற்றி வைப்பது இதைவிடப் பாதுகாப்பானது.

பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்

உள்வட்டு பட்டியலில் தெரியவில்லை: பல மடிக்கணினிகளில் வட்டுக் கட்டுப்படுத்தி இன்டெலின் 'ரெய்டு' முறையில் அமைந்திருக்கும். பயாசில் அதை 'ஏஹெச்சிஐ' முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் அந்த நிலையில் விண்டோசைத் தொடங்கினால் நீலத்திரைப் பிழை வரலாம். மாற்றியபின் நேராக விரலியிலிருந்தே தொடங்கி, படிமம் எடுத்து முடித்ததும் பழைய முறைக்குத் திருப்பிவிட வேண்டும்.

பிரிவு உறக்கநிலையில் உள்ளதாகப் பிழைச்செய்தி: விண்டோசின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியே காரணம். நிறுத்திய பின்னும் விண்டோசு தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்திருக்கும். முதற்படியில் சொன்னபடி முழுமையாக நிறுத்தினால் போதும். அல்லது மின் அமைப்புகளில் அவ்வசதியை அணைத்துவிடலாம்.

கோப்பு முறைமையில் பிழை உள்ளதாகச் செய்தி: விண்டோசுக்குத் திரும்பி, 'செக் டிஸ்க்' கட்டளையைத் திருத்தும் தேர்வோடு இயக்கி, ஒருமுறை மறுதொடக்கம் செய்தபின் மீண்டும் முயலவும்.

படிக்க முடியாத பகுதிகளால் வேலை நின்றுபோதல்: வட்டு பழுதாகத் தொடங்கியதன் அறிகுறி இது. வல்லுநர் முறையில் 'ரெஸ்க்யூ' தேர்வைக் கொடுத்தால் கெட்ட பகுதிகளைத் தாண்டிச் செல்லும். வட்டின் நிலை மிக மோசமாக இருந்தால் 'செக் டிஸ்க்' இயக்கக் கூடாது. அது நலிந்த வட்டுக்கு மேலும் வேலை கொடுக்கும். அத்தகைய வட்டுக்கு 'குனூ டிடிரெஸ்க்யூ' ஏற்றது. நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகே கெட்ட பகுதிகளுக்குத் திரும்பும். எங்கே நின்றது என்பதையும் குறித்துவைக்கும்.

இலக்கு வட்டு சிறியது: தரவு குறைவாக இருந்தாலும், இலக்கு வட்டு மூல வட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்பதே குளோன்சில்லாவின் பொதுவிதி. 1 டிபி வன்வட்டிலிருந்து 500 ஜிபி திண்மநிலை வட்டுக்கு மாறுவோர் இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுவர். முதலில் ஒரு படிமம் எடுத்து வைத்துவிட்டு, மூல வட்டின் பிரிவுகளைச் சுருக்கி, பிறகே மாற்றத்துக்கு முயல வேண்டும்.

இலக்கு வட்டு பெரியது: மீட்டபின் மிகுதி இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். அது பழுதன்று. 'கே1' தேர்வு விகிதப்படி பிரிவுகளை விரித்து அமைக்கும்; அல்லது பின்னர் 'ஜிபார்ட்டட்' கொண்டு விரிக்கலாம்.

மீட்டபின் கணினி தொடங்கவில்லை: படிமம் எடுத்த கணினி யூஇஎஃப்ஐ முறையில் இயங்கியிருந்தால், மீட்கும் கணினியும் அம்முறையிலேயே இருக்க வேண்டும். நகலாக்கத்துக்குப்பின் பழைய வட்டைக் கழற்றிவிட்டே முதல்முறை தொடங்க வேண்டும். இரு வட்டுகளுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்திருந்தால் இயங்குதளம் குழம்பும்.

படிமம் எதிர்பாராத அளவுக்குப் பெரிதாதல்: பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் உள்ளே எது தரவு, எது வெற்றிடம் என்று பார்ட்குளோனால் அறிய முடியாது, முழுவதும் எடுக்கப்படும். இத்தகைய படிமத்தை வேறு கணினியில் மீட்டால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். அது இல்லையேல் படிமம் இருந்தும் பயனில்லை. ஆகவே திறவுகோலைத் தாளில் எழுதித் தனியே பாதுகாக்க வேண்டும்.

சோதிக்காத காப்பு

காப்பு எடுத்தாயிற்று என்ற நிறைவே பலரை ஏமாற்றுகிறது. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரு வழங்கியில் அழிக்க வேண்டிய தரவுத்தளத்தைத் தவறுதலாக முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். அன்றாடக் காப்புகளைத் தேடியபோது அவை நெடுநாளாகவே எழுதப்படவில்லை என்பது தெரிந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்திருந்த நகலே அவர்களைக் காத்தது. வல்லுநர்கள் நிறைந்த நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், வீட்டில் இருக்கும் ஒற்றை வெளி வட்டைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே படிமத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழைய வட்டு ஒன்றில் மீட்டுப் பார்ப்பது நல்லது. அது இயலாவிட்டால், குளோன்சில்லாவின் சரிபார்ப்பு வசதியையாவது இயக்க வேண்டும்.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதியும் இங்கே கருதத்தக்கது: மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில். படிமம் எடுத்து முடித்ததும் வெளி வட்டைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் இணைந்தே இருக்கும் வட்டை, 2017இன் வான்னாகிரை போன்ற பணயத் தீநிரல்கள் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும்.

குறைபாடுகள்

குளோன்சில்லா மாறியவற்றை மட்டும் எடுக்காது. ஒவ்வொரு முறையும் முழுப் படிமமே எடுக்கும். படிமத்திலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுப்பதும் எளிதன்று. திரையும் எழுத்து வடிவிலேயே அமைந்தது. சுட்டியால் இயக்க விரும்புவோர், குளோன்சில்லா படிமங்களோடு ஒத்தியங்கும் 'ரெஸ்க்யூசில்லா' மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் படிமத்தைத் திறந்து தனிக் கோப்புகளை எடுக்கும் வசதியும் உண்டு.