வாகன ஒலிபெருக்கிக்கு மின்கம்பி தெரிதல்

பாண் விற்போரும், மரண அறிவித்தல் செய்வோரும், சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் செய்தியைத் தெருத்தெருவாகச் சொல்வோரும் இன்று ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்களிலேயே திருகோணமலை வீதிகளில் உலவுகின்றனர். இசையில் வேட்கை மிக்க இளைஞர் தம் கார்களிற் பெரிய விரியலாக்கிகளை (அம்பிளிபயர்) அமைத்துக்கொள்கின்றனர். விரியலாக்கியைப் பல கடை ஏறி இறங்கித் தெரியும் இவர்களுட் பலர், பற்றறியிலிருந்து அதற்கு மின்னைக் கொண்டுசெல்லும் கம்பிக்கு மாத்திரம் வீட்டு வேலையில் எஞ்சிய துண்டொன்றையே போதுமெனக் கொள்கின்றனர். வாகனம் தீப்பற்றுதற்கு அதுவே வழியாகலாம். ஆதலின் அக்கம்பியைத் தெரியும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கார்ப் பற்றறியோ 12 வோல்ற்று. 500 வாற்று வலுவை வீட்டிற் பெற 2 அம்பியருக்குச் சற்று மேற்பட்ட மின்னோட்டம் போதும். அதே வலுவை வாகனத்திற் பெற ஏறத்தாழ 40 அம்பியர் ஓடவேண்டும். கம்பியைச் சூடாக்குவது வோல்ற்றளவன்று, மின்னோட்டமே. வீட்டுப் பழக்கம் நம்மை ஏமாற்றுவது இவ்விடத்திலேதான்.

எத்தனை அம்பியர் ஓடும் என்பதை எவ்வாறு அறிவது? பெட்டியின்மேல் அச்சிட்ட ‘1000 வாற்று’ என்பதை நம்பற்க. அது பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் கூறும் வியாபார எண். விரியலாக்கியிற் செருகியுள்ள உருகிகளைக் கூட்டிப் பார்க்க. 20 அம்பியர் உருகி இரண்டு இருப்பின் 40 அம்பியர் எனக் கொள்ளலாம். பழைய ‘ஏபி’ வகுப்புக் கருவிகள் பெறும் வலுவில் ஏறத்தாழப் பாதியையே ஒலிக்குக் கொடுத்து, எஞ்சியதை வெப்பமாக இழப்பன. ‘டி’ வகுப்புக் கருவிகள் நூற்றுக்கு எண்பதுக்கு மேலும் கொடுக்கவல்லன. ஆதலின் அதே ஒலிக்கு அவை குறைந்த மின்னோட்டமே வேண்டுவன.

இனி, ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்ட விதி நமக்குத் துணையாகும். 1 சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செப்புக்கம்பி மீற்றருக்கு 0.0172 ஓம் தடை உடையது. பற்றறியிலிருந்து வானின் பின்புறம்வரை 5 மீற்றர் எனக் கொள்வோம். 2.5 சதுர மில்லிமீற்றர் வீட்டுக்கம்பியில் 40 அம்பியர் ஓடின் ஏறக்குறைய 1.4 வோல்ற்று வழியிலேயே வீணாகும். 55 வாற்று வெப்பம் கம்பியினுள்ளே பிறக்கும். பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் ஒலி கரகரப்பதன் காரணமும் இதுவாகலாம். 10 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு 0.35 வோல்ற்று அளவே. அரை வோல்ற்றுக்குள் இழப்பு நிற்குமாறு தெரிவது தக்கது என்பது எமது கருத்து. பாண் வண்டியின் சிறு கருவிக்கு இத்துணைக் கவலை வேண்டியதில்லை.

கடையிற் பருத்துத் தோன்றும் கம்பியெல்லாம் செம்பன்று. அலுமினியத்தின்மேற் செம்பு பூசியதும் உண்டு. அதன் தடை ஒன்றரை மடங்கு. ஓரிழையைக் கத்தியாற் சுரண்டின் உள்ளே வெண்மை தோன்றும். மேலுறை தடித்து உலோகம் மெலிந்தனவும் உள.

உருகியின் இடமும் முக்கியமானது. விரியலாக்கியின் உருகி கருவியைக் காப்பது. நீண்ட கம்பியை அது காவாது. கம்பி தகட்டில் உராய்ந்து உறை கிழிந்தால், பற்றறி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கணத்திற் பாய்ச்சும். ஆதலின் பற்றறியின் நேர்முனையிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் வேறோர் உருகி வைத்தல் வேண்டும். மேற்கூறிய 10 சதுர மில்லிமீற்றர்க் கம்பிக்கு 50 அம்பியர் போதும். தகட்டுத் துளையினூடு கம்பி செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் இடுக.

மின் மீளும் வழியாகிய புவிக்கம்பியும் அதே பருமனுடையதாய், குறுகியதாய் இருத்தல் வேண்டும். அதனைப் பொருத்துமிடத்திற் பூச்சைச் சுரண்டி உலோகத்தை வெளிப்படுத்துக. உட்டுறைமுக வீதியிலும் டச்சுக்குடாக் கரையிலும் வாகனம் நிறுத்துவோர்க்கு இங்கே தனித் தொல்லை ஒன்றுண்டு. உப்புக் காற்றுப் பட்டுச் செப்பு முனை பச்சை பூக்கும். இணைப்பின் தடை ஏறும். ஈயப்பூச்சன்று, வெள்ளீயப்பூச்சுப் பெற்ற செப்புக்கம்பியே படகுகளுக்கெனச் செய்யப்படுவது. கிடைப்பின் அதனையே கொள்க. முறுக்கிச் சுற்றாது முனைக்கவ்வியை அழுத்திப் பொருத்தி, மேலே வாசிலின் தடவிவிடின் வடகீழ்ப் பருவ மழையையும் தாங்கும்.

வேலை தொடங்குமுன் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றுக. யாவும் முடிந்தபின் அரை மணி நேரம் உரக்க ஒலிக்கச் செய்து, கருவியை நிறுத்திக் கம்பியைத் தொட்டுப் பார்க்கலாம். முழுவதும் சூடாயின் கம்பி மெலிந்தது. ஓரிடம் மாத்திரம் சூடாயின் அவ்விணைப்புத் தளர்ந்தது.