மாட்டுச் சாணத்தால் அடுப்பும் எரியும், பயிரும் செழிக்கும்

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பயிர்கள் வாடியதையும், 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நெடுநேரம் வரிசையில் நின்றதையும் கமக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார். இவை கடல் கடந்து வரும் பொருள்கள். அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். ஆனால், எரிபொருளையும் பசளையையும் ஒருங்கே தரவல்ல பொருளொன்று நாள்தோறும் நம் மாட்டுக்கொட்டிலிலேயே கிடைக்கின்றது. அதுவே சாணம்.

சாணவாயு என்பது யாது?

சாணத்தை நீரிற் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வைத்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து ஒருவகை வாயுவை உண்டாக்கும். இவ்வாயுவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மெதேன். இதுவே எரியுந்தன்மையுடையது. எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. நமது நாட்டின் வெப்பம் இந்நுண்ணுயிர்களுக்கு மிகவும் ஏற்றது.

ஒரு கன மீற்றர் சாணவாயு, அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த அளவு சமையல் எரிவாயுவுக்குச் சமமாகும். இது புகையின்றி நீலச் சுடருடன் எரியும். ஆதலால் விறகுப் புகையினாற் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்டாகும் கண்ணெரிவும் இருமலும் குறையும். இவ்வாயுவிற் சமைத்த உணவு மணக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அது வீண் அச்சம். வாயு எரியும்போது அதன் நாற்றம் நீங்கிவிடும்.

எத்தனை மாடுகள் வேண்டும்?

நாள் முழுவதும் கொட்டிலிற் கட்டி வளர்க்கப்படும் மாடொன்று ஏறக்குறைய 10 கிலோகிராம் சாணமிடும். பகலில் மேயவிட்டு இரவிற் கட்டினால் அதிற் பாதியே கைக்குக் கிடைக்கும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு 40 கிலோகிராம் சாணம் போதுமானது. மாடுகளின் தொகையைப் பார்த்தன்று, நாள்தோறும் சேர்க்கத்தக்க சாணத்தை நிறுத்துப் பார்த்தே தொட்டியின் அளவைத் தீர்மானியுங்கள். கைவிடப்பட்ட தொட்டிகளிற் பல, சாணம் போதாமையாலேயே கைவிடப்பட்டவை.

இடந் தெரிதல்

தொட்டி கொட்டிலுக்கும் அடுக்களைக்கும் அண்மையில் இருத்தல் நன்று. வெயில் படும் மேட்டு நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் விலகியிருத்தல் வேண்டும். பெருமரங்களின் வேர் சுவரைப் பிளக்குமாதலின் அவற்றின் அருகே கட்டலாகாது. கவிகை மூடியுள்ள தொட்டியில் மயிரளவு வெடிப்பிருந்தாலும் வாயு கசியும். ஆகவே பயிற்சி பெற்ற மேசனைக் கொண்டே கட்டுவியுங்கள்.

நிரப்புதலும் பேணுதலும்

1. ஒரு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துக் கட்டியின்றிக் கரைக்கவும்.

2. மணல், கல், நீண்ட வைக்கோல் என்பவற்றை அகற்றவும். மணல் அடியிற் படியும். வைக்கோல் மேலே ஆடையாகப் படர்ந்து வாயுவைத் தடுக்கும்.

3. சவர்க்கார நீர், கிருமிநாசினி, மருந்தூட்டப்பட்ட மாட்டின் சாணம் ஆகியவற்றைச் சேர்க்கவேண்டாம். இவை நுண்ணுயிர்களைக் கொல்லும்.

4. முதல் நிரப்பலின்போது, நன்கு இயங்கும் வேறொரு தொட்டியின் குழம்பைச் சிறிது சேர்த்தால் வாயு விரைவில் உண்டாகும்.

5. முதலில் வரும் வாயுவிற் காற்றுக் கலந்திருக்கும். அதனை எரிக்காது வெளியே விட்டுவிடுக.

6. நாள்தோறும் தவறாது கரைசல் ஊற்றுங்கள். குழாயிற் தேங்கும் நீரை இடையிடையே வடித்துவிடுங்கள்.

வெளிவருங் குழம்பு சிறந்த பசளை

சாணத்தை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து அழிந்துபோம். வெயிலிற் குவித்து வைத்தால் அச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். தொட்டியிலிட்டாலோ வாயு மட்டுமே பிரியும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் குழம்பிலேயே தங்கிவிடும். இக்குழம்பை நீர் சேர்த்து வாழை, மிளகாய், கத்தரி முதலிய பயிர்களின் அடியில் ஊற்றலாம். உடனே பயன்படுத்த இயலாவிடின், நிழலிற் குழி தோண்டிச் சருகோடு கலந்து கூட்டெருவாக்குக. இக்குழம்பு ஒன்றே பயிரின் தேவை முழுவதையும் நிறைவுசெய்யும் என எண்ணலாகாது. ஆயினும், விலைகொடுத்து வாங்கும் பசளையைக் குறைக்கலாம், மண்ணும் வளம்பெறும்.

எச்சரிக்கை

வாயுக் கசிவைத் தீக்குச்சி கொளுத்திப் பார்த்தல் உயிருக்கு ஆபத்து. குழாய்ப் பொருத்துகளிற் சவர்க்கார நுரையைப் பூசினால், கசியும் இடத்திற் குமிழி எழும். வெறுமையாக்கிய தொட்டியினுள்ளும் எவரும் இறங்கலாகாது. அங்கு நிற்கும் நச்சுவாயு ஒரு சில மூச்சிலேயே மயக்கமுறச் செய்யும். காப்பாற்ற இறங்குபவரும் மடிவர். திருத்த வேண்டுமாயின் அதற்கெனப் பயின்றவரை அழையுங்கள். சிறுவரும் கன்றுகளும் விழாதவாறு வாய்களை மூடிவையுங்கள்.

கமக்காரர்களே! கட்டுமுன் உங்கள் பகுதியில் நன்கு இயங்கும் தொட்டியொன்றை நேரிற் பாருங்கள். அதனைப் பேணும் குடும்பத்தினரிடம் நிறைகுறைகளைக் கேட்டறியுங்கள். பின்னர் உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கலந்து ஆவன செய்யுங்கள். உங்கள் தொட்டி நன்கு இயங்கினால் அயலவரை அழைத்து அடுப்பை எரித்துக் காட்டுங்கள். ஆயிரஞ் சொற்களால் நம்பாதவரும் ஒரு சுடரைக் கண்டு நம்புவர்.