ஒடியும் பொருளிலிருந்து ஒரு கம்பி



செம்பும் பொன்னும் இழுத்தால் நீளும். ஆதலால் அவற்றைக் கம்பியாக்குதல் எளிது. கண்ணாடிபோல் நொறுங்கும் பொருளைக் கம்பியாக்குவது எங்ஙனம்?

கடுங்குளிரில் மின்தடையை முற்றாக இழக்கும் பொருள்களை மீகடத்திகள் என்பர். நயோபியமும் வெள்ளீயமும் கூடிய சேர்வை ஏறத்தாழ 18 கெல்வினில் அந்நிலையை எய்துமென 1954ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. மின்காந்தம் அமைப்பதற்கு அதனைக் கம்பியாக்கிச் சுற்றவேண்டும். அதுவோ வளைத்தால் உடையும்.

குயவன் சுட்ட மண்ணை வனைவதில்லை. வனைந்த பின்னரே சுடுகின்றான். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் குன்சுலரும் துணைவரும் கைக்கொண்ட வழியும் அதுவே. நயோபியக் குழாயினுள் நயோபியத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அடைத்தனர். அவை சேராது தனித்தனியே நின்றமையால், இழுத்தபோது குழாய் மெல்லிய கம்பியாய் நீண்டது. அதன்பின்னரே ஏறக்குறைய 1,000 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டனர். சேர்வை கம்பியினுள்ளேயே உருவாயிற்று. திரவ ஈலியத்தின் குளிரில், 8.8 தெசுலா காந்தப்புலத்தினுள்ளும் அக்கம்பி பெருமின்னோட்டத்தைத் தடையின்றித் தாங்கிற்று. சுருள் வேண்டுவோர், சுடுமுன் சுற்றிவிட்டாற் போதும்.

பிரான்சின் தென்பகுதியில் எழுந்துவரும் இற்றர் அணுச்சேர்க்கை உலைக்கென இச்சேர்வைக் கம்பி ஏறத்தாழ 1,00,000 கிலோமீற்றர் ஆக்கப்பட்டது. அதன் பெருஞ்சுருள்களும் சுற்றிய பின்னரே, ஏறத்தாழ 650 பாகையிற் பல நாட்கள் சுடப்பட்டன. சுட்டபின் வளைத்துத் திருத்துதல் இயலாது. ஆகவே, கம்பி மென்மையாய் இருக்கும்போதே வடிவம் செம்மையாதல் வேண்டும்.